மாமாவின் அறையில் மாட்டிய சென்சார் லைட்

பேய், ஜின், காத்து கருப்பு என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கதையில் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். காரைக்காலில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் நான். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒருவர் வருவார், வீட்டில் லைட் தானாக அணைந்து தானாக எரிகிறது, ஏதோ இருக்கிறது என்பார், போய்ப் பார்த்தால் ஹோல்டரில் கரி பிடித்திருக்கும். அதை மாற்றச் சோம்பல்பட்டுக்கொண்டு தாயத்துக் கட்டிய மகா புத்திசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்களாவது பரவாயில்லை. என் மச்சான், மனைவியின் தம்பி இருக்கிறாரே, துபாயில் ஏதோ பெரிய கட்டடத்தில் மெயின்டனன்ஸ் வேலை, அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் லீவில் வந்தபோது பூமி சூடாகிறது, கரண்டை வீணாக்குகிறவன் பாவி என்று பிரசங்கம் செய்தார். என் மாமனார் வீட்டில் இருந்த குண்டு பல்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, துபாயிலிருந்து கொண்டுவந்த சென்சார் லைட்டுகளை என்னையே மாட்டச் சொன்னார். ஆள் நடந்தால் எரியும், அசைவு நின்றால் அணைந்துவிடும். நடை, வராந்தா, கேட், கக்கூஸ் வரைக்கும் அதுதான். கக்கூசில் உட்கார்ந்தவன் இருட்டில் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பூமியைக் காப்பாற்றும் இந்த மகானின் அறையில் மட்டும் ஏ.சி. பகல் முழுக்க ஓடும். மாமி, அதாவது என் மாமியார், தன் அறையில் கைவைக்க விடவில்லை, பழைய டியூப்லைட்டே போதும் என்றுவிட்டார்.

மறு வருஷம் மாமா மவுத்தாகிவிட்டார். மச்சானால் அடக்கத்துக்கு வந்துசேர முடியவில்லை, மூன்றாம் நாள் வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது மாமாவின் அறையில் எரிந்த ஜீரோ வாட் பல்பு. எங்கள் வீடுகளில் மய்யித்தைக் கிடத்திய இடத்தில் நாற்பது நாளைக்கு விளக்கு அணையக் கூடாது என்பார்கள். மச்சான் ஆரம்பித்துவிட்டார். ஆளில்லாத அறைக்கு எதற்கு விளக்கு, மார்க்கத்திலும் இது இல்லை, பூமிக்கும் இது கேடு. அழ வந்தவர்களுக்கெல்லாம் இந்தப் பாடம்தான். யாசீன் ஓத வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்தால் வராந்தா லைட் அணைந்துவிடும், அவர்கள் ஓதுவதை நிறுத்தாமல் ஆளாளுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் மச்சானுக்கு வெட்கம் வரவில்லை, மாமா அறைக்கும் ஒரு சென்சார் மாட்டுங்கள் என்றார்.

மாமி அப்போது புருஷனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார், அறையை விட்டு அதிகம் வரமாட்டார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்புள, நீங்களாவது சொல்லுங்க. நாப்பது நாளுதானே கேக்குறேன். அவங்களுக்கு இருட்டு ஆவாது."

போன மனிதருக்கு இருட்டென்ன வெளிச்சமென்ன என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவும் மகனும் ஆளுக்கொரு பைத்தியம், நடுவில் நான் எதற்கு என்று பல்பைக் கழற்றிச் சென்சாரை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பொழுது சாய்ந்த மஃரிபு நேரம். மச்சான் பள்ளியில் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தார், ஹாலில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஹாலில் இருந்து பார்த்தால் மாமா அறைக் கதவும் தெரியும், மாமியின் அறைக்குள்ளும் தெரியும், வாசல் பக்கம் கேட் வரைக்கும் தெரியும்.

மாமா அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் வந்தது.

எலி என்றார் மச்சான். போய்த் திறந்தோம், துடைத்துவிட்ட மாதிரி காலி அறை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம், அணைந்தது. சரி, புது சென்சார், முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, மறுபடி எரிந்தது. அப்புறம், நம்பினால் நம்புங்கள், நடை லைட் எரிந்தது. கொஞ்சம் பொறுத்து வராந்தா லைட். அப்புறம் கேட் லைட். ஒரு வயசாளி நிதானமாக நடந்து போனால் எப்படி எரியுமோ அப்படி. பின்னாலேயே ஒவ்வொன்றாக அணைந்தும் வந்தது.

உள்ளே இருந்து மாமி சத்தமே உயர்த்தாமல் சொன்னார்.

"பொறப்பட்டுட்டாங்க. ஒரு பல்பு எரிய மனசில்லாத வூட்டுல எப்புடி இருப்பாங்க."

நான் மச்சானைப் பார்த்தேன். பூமி, மார்க்கம், துபாய் எல்லாம் முகத்தை விட்டு இறங்கிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினார். "வாப்பா, வந்துருங்க வாப்பா, நான் லைட்டு போடச் சொல்றேன்" என்று காலித் தெருவைப் பார்த்துக் கெஞ்சினார். எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். இவரைப் போய் இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டோமே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, கூடவே என் கண்ணும் கேட்டை விட்டு நகரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் விழுந்தார். அவர் வந்த வழியில் எரிந்த லைட்டுகள் எல்லாம் அணைந்துவிட்டன. நாங்கள் இரண்டு பேரும் அசையவே இல்லை. அப்போது கேட் லைட் எரிந்தது. அப்புறம் வராந்தா. அப்புறம் நடை. மாமா அறைப் பக்கம் போகவில்லை, மாமியின் அறை வாசலுக்கு மேல் இருக்கும் அந்த நடை லைட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் சென்சார் இல்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இரும்புக் கட்டிலின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கே ஜீரோ வாட் பல்பைத் திரும்ப மாட்டினேன், நாற்பதாம் நாள் வரைக்கும் எரிந்தது. மச்சான் இப்போதும் துபாயில் அதே பிரசங்கத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறாராம், கேட்கிறவர்கள் பாவம். லைட்டுகளுக்கு என்னால் ஆயிரம் காரணம் சொல்ல முடியும். மட்டமான சரக்கு, உப்புக் காற்று, தெருவில் போன பூனை, எது வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் மாமி நகர்ந்து உட்கார்ந்தபோது அந்தக் கட்டில் கிறீச்சென்றது, சரி. அவர் நகர்ந்து முடித்து, அசையாமல் இருந்தபோது, இன்னொரு தடவையும் கிறீச்சென்றது. கட்டிலுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது.