ஆற்றோரக் கூடாரத்தில் அவள் கேட்டது

கென்யாவின் வனவிலங்குப் பூங்காவொன்றில், ஆற்றங்கரை விடுதியில் நானும் மனைவியும் மூன்று நாள்கள் தங்கினோம். நைரோபியில் தொழில் பார்க்கும் மகளின் ஏற்பாடு அது. மனைவியின் நோய் முற்றிவிட்டதை வைத்தியர் என்னிடமும் மகளிடமும் மட்டுமே சொல்லியிருந்தார். பயணம் முடியும்வரை அவளுக்குத் தெரியவேண்டாம் என்று தீர்மானித்தவன் நான்.

விடுதியென்றாலும் அறைகள் கூடாரங்களே. தடித்த துணிச் சுவர்களுக்குள் கட்டிலும் அலுமாரியும் வெந்நீர்க் குழாயும் இருந்தன. சுற்றிலும் வேலி கிடையாது. நீர்யானைகள் ஆற்றில் கிடந்து உறுமும்.

"பக்கத்து ஊட்டு ஜெனரேட்டர் மாதிரியே இருக்கு" என்றாள் அவள்.

யானைக் கூட்டத்தைக் கண்டபோது என்னைச் சீண்டினாள்: "காதுதான் பெருசு. நம்ம வில்பத்துக் காட்டுல இல்லாத யானையா? இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" சொல்லிவிட்டு, தாயின் பின்னால் ஓடிய குட்டியை அது மறையும்வரை பார்த்திருந்தாள்.

மூன்றாம் நாட்காலை அவளுக்குக் களைப்பு. ஜீப்பில் போகாமல், கூடாரத்தின் முன் கதிரைகளில் அமர்ந்திருந்தோம். தேநீர் வந்தது.

"இஞ்ச பாருங்க" என்றாள். "எல்லாருக்கிட்டயும் மாப் கேட்டுட்டுத்தான் வந்தேன். உங்கக்கிட்ட மட்டும் கேக்கல்ல. நான் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிக்கோங்க."

இலங்கையில் எங்கள் ஊரான கற்பிட்டியில் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாகச் சென்று இப்படி மன்னிப்புக் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் 'மன்னிச்சிட்டேன்' என்று வாயால் சொல்லவேண்டும். இந்தப் பயணத்துக்கும் அவள் அவ்வாறே தெருவெங்கும் போய்வந்தாள். "என்ன ராத்தா, மிருகம் பாக்கப் போறதுக்குமா?" என்று அடுத்த வீட்டுப் பெண் சிரித்தாள். "சிங்கம் புடிச்ச பொறகு வந்து கேக்க ஏலுமா?" என்றாள் என் மனைவி. யாத்திரைக்கும் உல்லாசப் பயணத்துக்கும் வேறுபாடு உண்டென்று நான் அவளைத் திருத்தினேன். மாணவர்களைத் திருத்தியே பழகியவன்.

இப்போது அவள் கேட்டபோதுதான், அவளுக்கு யாவும் தெரியும் என்று உணர்ந்தேன். 'மன்னிச்சிட்டேன்' என்றால் விடைகொடுத்ததாகிவிடும்.

"நாளைக்கு வெளிக்கிடப் போறம், என்னத்துக்கு இந்தக் கதை? அந்தா, அக்கரையில முதலை கிடக்குது பாரு" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "ஓம், பெரிய முதலைதான்" என்றாள். பிறகு என் தேநீரில் சீனி போட்டுக் கலக்கித் தந்தாள்.

ஊர் திரும்பிய நான்காம் மாதம் அவள் மௌத்தானாள். ஜனாஸாத் தொழுகைக்கு முன், இறந்தவரை மன்னிக்குமாறு உறவினர் ஒருவர் சபையிடம் கேட்பது முறை. கணவன் என்பதால் நானே எழுந்து கேட்டேன். அவளை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் 'மன்னிச்சிட்டோம்' என்றார்கள்.

அதன்பின் அவளை அடக்கிய கபுறடியில் 'மன்னிச்சிட்டேன்' என்று பலமுறை சொல்லிவிட்டேன். மனதால் மன்னித்தாலே போதும், கேட்டவர் செவியில் விழவேண்டியதில்லை என்கிறார் மார்க்கம் கற்ற நண்பர் ஒருவர். அவர் கூற்றில் பிழை காண என்னால் இயலவில்லை. ஆயினும், அன்று ஆற்றங்கரையில் நான் வாய் திறக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்திருந்தாள்.