அப்பா ஏறாமல் நகராத வேன்

சகுந்தலா டீச்சர் இறந்த செய்தி கோயில் நிர்வாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. குத்துவிளக்குப் படம், 'ஆழ்ந்த இரங்கல்', மலாக்கா மருத்துவமனையில் காலமானார் என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே கோயில் செயலாளர் போட்ட இன்னொரு படம்: 'ஆவணிச் சேர்க்கை! எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு மடிக்கணினி இலவசம்!' தொழிற்சாலையில் கையுறையைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் படித்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது போகவில்லை.

டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அலோர் காஜா பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர். எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் வேனில் ஏற்றி, வேலை நடக்கும் இடங்களுக்கே கூட்டிப்போய்க் காட்டுவார். வேன் என் மாமாவுடையது. ஓட்டுவது நான்.

நான் அவருடைய மாணவன் இல்லை. மெஷின் பழுது பார்ப்பவன். ஒருநாள் எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு வந்து, "தம்பி, நீங்க செய்ற வேலையை எங்க பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றார். மேலாளரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "நல்லதை மட்டும் காட்டாதீங்க. விரல் நசுங்குன கதையையும் சொல்லுங்க. பொய் சொல்றதுக்கு ஊர்ல ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றார்.

அவருக்கு ஒரே ஒரு விதி உண்டு. அப்பாவோ அம்மாவோ கூட ஏறாமல் வேன் நகராது. "பிள்ளை மட்டும் பார்த்துட்டுப் போனா, வீட்டுல ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. முடிவு எடுக்கிறவங்க கண்ணால பார்க்கணும்" என்பார். முதல் சனிக்கிழமை வந்த ஓர் அம்மா மெஷினைப் பார்க்கவே இல்லை. என்னையே மேலும் கீழும் பார்த்தார். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். டீச்சர் சிரிக்காமல், "மாப்பிள்ளை பார்க்கிறதுக்கு வேற வேன் விடுறேன் லா. இப்ப மெஷினைப் பாருங்க" என்றார்.

கோயில் மண்டபத்தில் அவர் செய்ததை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். 'தன்முனைப்பு முகாம்' என்று பிள்ளைகளைக் காலையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஒய்.பி. என்று நாங்கள் அழைக்கும் தொகுதி உறுப்பினர் வரத் தாமதம். பிள்ளைகள் பசியில் வாடிப்போனார்கள். பிறகு மாலை, பொன்னாடை, மறுபடியும் மாலை. கடைசியில் ஒரு பேச்சாளர், "நீங்கள் நினைத்தால் வானத்தையும் வளைக்கலாம்!" என்று முழங்கினார். டீச்சர் எழுந்தார். "வானத்தை வளைக்க எந்தப் பாடத்துல கிரெடிட் வேணும் சார்? எங்க விண்ணப்பிக்கணும்? அதைச் சொல்லுங்க, பிள்ளைங்க எழுதிக்கட்டும்." மண்டபமே சிரித்தது. அடுத்த மாதத்திலிருந்து, பிள்ளைகளுக்கு வழிகாட்டும் கூட்டம் நடத்த அந்த மண்டபம் அவருக்குக் கிடைக்கவில்லை. ரசாக் அண்ணன் தம் சாப்பாட்டுக் கடையின் பின்பக்க மேசைகளை ஒதுக்கிக் கொடுத்தார். நம் பிள்ளைகள் எந்தப் படிப்பு எந்த வேலைக்குக் கொண்டுபோகும் என்று தெரிந்துகொண்டது அங்கேதான், தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரின் வாசனையில்.

ஆடி மாதம் அவருக்கு ஜென்ம விரோதி. பொலிடெக்னிக் பதிவு நாள் ஆடியில் விழுந்தால் நம்மவர்களில் சிலர் போகமாட்டார்கள். "ஆடி கழியட்டும் டீச்சர், ஆவணியில நல்ல நாள் பார்த்துச் சேர்த்துடுறோம்." ஆவணியில் போனால் அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அதற்கென்றே ஒருவர் காத்திருக்கிறார். கோயில் செயலாளரேதான். அவர் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அந்தக் கல்லூரியில் எந்த மாதமும் சேரலாம், எந்த மதிப்பெண்ணுக்கும் சேரலாம். முடித்து வந்தவர்கள் கடன் கட்டிக்கொண்டு பேரங்காடியில் பெட்டி அடுக்குகிறார்கள். டீச்சர் கத்துவார்: "ஆடியில யாருக்கும் பசிக்காதா? ஆடியில ஃபேக்டரியை மூடுறானா? பிள்ளை படிக்கிறதுக்கு மட்டும் ஆடியா?"

இந்த வருடம் அது யோகேஸ்வரிக்கு வந்தது. கோலா சுங்கை பாரு போகும் வழியில், தோட்டத்து வீட்டில் இருக்கும் பெண். பேராக் மாநிலப் பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருந்தது. பதிவு ஆடியில். அப்பா முனியாண்டி லாரி ஓட்டுபவர். "பொட்டப்புள்ளை, அவ்வளவு தூரம், அதுவும் ஆடியில" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். டீச்சர் வாதாடவில்லை. வேனில் ஏற்றினார். செர்காமுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு தமிழ்ப் பெண், கை முழுக்கக் கிரீஸோடு, பெரிய பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டு இரண்டு ஆண்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். முனியாண்டி அண்ணன் வெகுநேரம் பார்த்தார். டீச்சர் கலந்துகொண்ட கடைசிச் சனிக்கிழமை அது.

இறுதிச் சடங்கில் செயலாளர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். உடல் வீட்டுக்குள் இருக்கும்போதே, வாசலில் முனியாண்டி அண்ணனின் தோளில் கை போட்டார். என் காதில் விழுந்தது: "டீச்சரே போயிட்டாங்க. இனி உங்க பிள்ளையை யாரு பார்த்துப்பா? ஆவணியில நம்ம காலேஜ்ல சேர்த்துடலாம், வீட்டுக்குப் பக்கம்." அவரை அடிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம் அது டீச்சரின் வாசல் என்பதுதான்.

பிறகு அதே செயலாளர் என்னைக் கூப்பிட்டார். டீச்சருக்கு நினைவஞ்சலிக் கூட்டம், 'கல்விச் செம்மல்' பட்டம், படத்துக்குப் பொன்னாடை, ஒய்.பி. வருகிறார், நான் பேச வேண்டும். எந்த நாள் என்று கேட்டேன். யோகேஸ்வரியின் பதிவு நாள். நாளைத் தெரிந்து குறித்தாரா, தெரியாமல் குறித்தாரா, எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது மண்டபத்தைப் பூட்டியவர்கள், செத்த பிறகு திறந்துவிட்டார்கள்.

அதற்கு முந்தைய நாள் மாலை முனியாண்டி அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, நாளைக்கு வேன் இருக்கா?"

"ஆடிண்ணே. துக்கம் வேற" என்றேன், வேண்டுமென்றே.

"கிண்டல் பண்ணாத லா" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணு பம்பைப் பிரிச்சுப் போட்டு நின்னுச்சே, அதை நான் கண்ணால பார்த்துட்டேன் தம்பி. பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்ல முடியல."

விடியும் முன்பே கிளம்பினோம். பதிவு வரிசையில் நிற்கும்போது மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒலிபெருக்கி டீச்சரை 'ஏணி' என்றும் 'கலங்கரை விளக்கம்' என்றும் புகழ்ந்துகொண்டிருந்தது. "எங்கப்பா இருக்கே? உன் பேரைக் கூப்பிடுறாங்க" என்றார் செயலாளர். "டீச்சருக்கு அஞ்சலி செலுத்திட்டு இருக்கேன், வரிசை நீளம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோகேஸ்வரி சிரித்தாள். அவள் அப்பா அவளுடைய தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்னால் இருந்தவர் நகர்ந்தாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரின் பொறுமை என்னிடம் இல்லை. படிப்பும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டுதான்: அந்தக் கோபமும் அந்த விதியும். பட்டத்தையும் பொன்னாடையையும் செயலாளரே வைத்துக்கொள்ளட்டும். வேன் சாவி என்னிடம் இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ ஏறாமல் அது நகராது.