எல்ஸி அக்காவின் பன்னிரண்டு பொன்னாடைகள்

எல்ஸி அக்காவைப் பகைத்துக்கொண்டவர்களுக்கு அவரிடமிருந்து திட்டு வராது, பரிசுதான் வரும். மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறார். ஒருத்தி, எல்ஸிக்குக் கை அளவே எடுக்கத் தெரியாது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். அக்கா அவள் மகள் கல்யாணத்துக்குக் கேட்காமலே ஒரு பட்டு ரவிக்கை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படியே அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. பிறகு பந்தியில் உட்கார்ந்து, பாவம் கஷ்டப்படுகிற குடும்பம், அதனால்தான் கூலி வாங்கவில்லை என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லி வைத்தார். அந்தச் செய்தி ஆறு இலை தாண்டுவதற்குள் பெண்ணின் தாய் எழுந்து போய்விட்டாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதில் அக்கா கைதேர்ந்தவர்.

நான் மகேந்திரன். ஈப்போவில் தமிழ் விழா என்றால் பெரும்பாலும் மைக் என் கையில்தான் இருக்கும். அக்காவை எனக்குத் தோட்டத்திலிருந்தே தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. இப்போது அங்கே மொத்தமும் வீடமைப்புத் திட்டம். அக்காவின் கணவர் சூசைநாதன் அங்கே கிராணியாக இருந்தார். பகலில் ஆபீஸ் கணக்கு, மாலையில் நாடகம். தோட்டத்தை விட்டு வெளியேற மறுத்த ஒரு பால்மரத் தொழிலாளியைப் பற்றி ‘கடைசி நிரை’ என்று பதினோரு பாட்டுள்ள நாடகம் எழுதினார். நிரை என்றால் ஓர் ஆள் பால் வெட்டும் மரவரிசை. மாதா கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் அதைப் போட்டோம். நான்கூட ஒரு வருஷம் போலீஸ்காரனாக வந்து, வசனத்தை மறந்து, சல்யூட் மட்டும் அடித்துவிட்டுப் போனேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது வீட்டில் மிச்சமிருந்தது ஒரு தையல் மிஷினும் அந்த நாடகம் எழுதிய நீல நோட்டும்தான்.

அந்த நோட்டைத் தேடித்தான் ஹரிஷாந் வந்தார். தொலைக்காட்சித் தொடர் நாயகன், பாடகர், முகநூலில் லட்சம் பேர். பழைய நாடகத்தைப் பெரிய மேடையில் மீண்டும் போடுகிறேன் என்றார். அக்கா கையால் கோழிக்கறி சாப்பிட்டார். சுவரொட்டியில் அங்கிள் பெயர்தான் முதலில் வரும் என்று சத்தியம் செய்து நோட்டை வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்துச் சுவரொட்டி வந்தது. ‘ஹரிஷாந்தின் கடைசி நிரை’. அடியில் சின்ன எழுத்தில், ‘மூலம்: தோட்டத்து வாய்மொழி’. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்கூட, தேங்காய் கடையிலிருந்து வந்தது என்றாவது ஒத்துக்கொள்வார்.

அக்கா ஒத்திகைக்குப் போய்க் கேட்டார். நடிகர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, ஹரிஷாந் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஆண்ட்டி, இதெல்லாம் தோட்டத்துப் பாட்டு லா. யாரு எழுதுனான்னு யாருக்குத் தெரியும்? அங்கிள் காதுல விழுந்தத எழுதி வச்சிருக்காரு, அவ்வளவுதான்.”

கடைசி வரிசையில் இரண்டு இலவச டிக்கெட்டும் கொடுத்து அனுப்பினார்.

அன்று மாலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. “செத்த மனுஷன திருடன்னு சொல்லிட்டான் மகேந்திரன். அவரு பேரு அந்த மேடையில கேக்கணும். இவன் தலய குனிஞ்சிக்கிட்டு கேக்கணும்” என்றார். அந்த நாடகத்துக்கும் அறிவிப்பாளர் நான்தான் என்பதால், மேடையில் பொன்னாடை போர்த்துகிறவர்களின் பெயர்ச் சீட்டை யார் பார்ப்பது என்று என்னிடம் விசாரித்தார். ஹரிஷாந்தின் மேலாளர் பிரஷாந்தன் படித்துப் பார்த்த பிறகே என் கைக்கு வரும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு ஏதோ விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காட்சி. எழுநூறு பேர். வேலை பறிபோன நாயகன் தலை குனிந்து வீட்டுக்கு வருவதுதான் முதல் காட்சி. ஹரிஷாந்தின் கால் மேடையில் பட்டதுமே ஒளிக்குச்சிகள் எழுந்தன, விசில் பறந்தது, முன்வரிசைப் பெண்பிள்ளைகள் ஐ லவ் யூ என்று கத்தினார்கள். நாயகன் நின்று அவர்களுக்குக் கையசைத்தார். அப்புறம்தான் தலை குனிந்தார். நாடகத்தில் அவர் மனைவி வயிற்றிலடித்து அழுதபோதும் கைதட்டல். எவன் என்ன சொல்கிறான் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை, எல்லாரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசைகளில் மட்டும் பழைய தோட்டத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தைப்பிங்கிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் அக்கா சொல்லி வரவழைத்தவர்கள்.

ஆறாவது பாட்டு முடிந்ததும் ரசிகர்கள் பொன்னாடை போர்த்தலாம் என்று ஹரிஷாந்தே முகநூலில் அழைத்திருந்தார். மேலாளர் ஒரு கட்டுச் சீட்டை என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு சீட்டு, ஒரே கையெழுத்து. முதல் சீட்டை வாசித்தேன்: “சூசைநாதன் சார்பில், இராமசாமி.”

எங்கள் தோட்டத்து இராமசாமிக்கு எண்பது வயது. ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக ஏறி வர, ஹரிஷாந் சிரித்தபடி காத்திருந்தார், குனிந்து பொன்னாடையை ஏற்றார். அடுத்தது, சூசைநாதன் சார்பில், பாப்பா. அடுத்தது, சூசைநாதன் சார்பில், கார்த்திகேசு. எழுதியவர் என்று ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் மேலாளர் அப்போதே கிழித்திருப்பார். நான்காவது பெயருக்கு ஹரிஷாந்தின் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. மரியாதை செய்ய வருகிறவரை எப்படித் தடுப்பது? குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பெயரை இன்னும் நிறுத்தி, இன்னும் அழுத்தி வாசித்தேன். யாருடா அந்த சூசைநாதன் என்று முன்வரிசையில் கேட்டுக்கொண்டார்கள். ஆறாவது சீட்டுக்கு நான் வாய் திறக்கும் முன்பே சபை “சூசைநாதன்!” என்றது.

ஏழாவது பொன்னாடை விழுந்ததும் ஹரிஷாந் தன் மைக்கை எடுத்தார். மேடை அவருக்குப் பழகிய இடம் அல்லவா. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“சூசைநாதன் அங்கிள். என்னோட முதல் ரசிகர். மேலேருந்து பாத்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு ஒரு கைதட்டல் குடுங்க.”

கூரை இடிகிற மாதிரி கைதட்டினார்கள். அழுதவர்களும் உண்டு. எட்டாவது சீட்டைக் கீழே இறக்கினேன். நாங்கள் ஊன்றிக் கொடுத்த பெயரை அவர் தன் காலடியில் பூவாகப் போட்டுக்கொண்டார். இனி நான் வாசிக்க வாசிக்க, சூசைநாதன் இன்னும் பெரிய ரசிகர் ஆவாரே தவிர வேறொன்றும் ஆகமாட்டார்.

கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தார். கையில் பொன்னாடை இல்லை. நேராக என்னிடம் வந்து மைக்கைக் கேட்டார். கொடுத்தேன். மேடை வெளிச்சத்தில் முகத்தைப் பார்க்காமல், இன்னொரு ஆண்ட்டி என்று நினைத்து ஹரிஷாந் பழக்கத்தில் தலை குனிந்துவிட்டார்.

அக்கா மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தோளிலிருந்து மேல் பொன்னாடையை எடுத்து, நான்காக மடித்து, தன் கையில் போட்டுக்கொண்டார். பிறகு அடுத்ததை எடுத்தார். முப்பது வருஷமாக மேடையில் நிற்கிறேன், போர்த்திய பொன்னாடையைத் திருப்பி எடுத்தவரை அன்றுதான் பார்த்தேன். ஏய் ஆண்ட்டி என்று ஒரு குரல் எழுந்து அடங்கியது. எழுநூறு பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா அவசரப்படவில்லை. ஓரம் பார்த்து, சுருக்கம் நீவி மடித்தார்.

“இது இந்த நாடகத்த எழுதுன மனுஷனுக்காகப் போர்த்துனது. ரசிகருக்கு இல்ல” என்று மைக்கில் சொன்னார்.

ஆறு பொன்னாடை அக்கா கைக்கு வந்துவிட்டது. கடைசிப் பொன்னாடையின் நுனியை ஹரிஷாந் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விட்டால் அத்தனை போனிலும் வெறுந்தோளோடு நிற்க வேண்டும். வியர்வையில் முகப்பூச்சு கழுத்துவரை வழிந்திருந்தது.

“யாரு எழுதுனதுன்னு சொல்லு தம்பி” என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

ஹரிஷாந் மேலாளரைத் தேடினார். மேலாளர் தரையைப் பார்த்தார். ஹரிஷாந்தின் உதடு மட்டும் அசைந்தது. அக்கா மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனார்.

“எழுதினவரு சூசைநாதன்.”

சொன்ன நிம்மதியில் அவர் பிடி தளர்ந்தது. அக்கா அந்த ஏழாவதையும் உருவி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.