மரச்சல்லடை

விழுப்புரத்தில் மனநல டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று முந்தானையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். மூடிய கதவுக்குள் யாரோ தணிந்த குரலில் பேசுகிறார்கள்.

என் சின்ன வயதில், திண்டிவனத்தில் சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலிலும் இதே முணுமுணுப்புதான். மெழுகுவர்த்திப் புகைக்கு நடுவே, பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் மரச்சல்லடையை ஒட்டி முழங்காலில் நிற்கும் அம்மா, எழுந்து வரவே மாட்டாள். வரிசையில் நிற்பவர்கள் என்னை முறைப்பார்கள்.

"அப்படி இன்னாம்மா பாவம் பண்ண?" என்று ஒருநாள் வழியில் கேட்டேன்.

"பாவம் இன்னாடி பாவம்! தூக்கமே வர்ல, அழுகையா வருதுன்னு சாமியார்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன். டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னுவாங்க. பாவின்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றார் டாக்டர்.

தூக்கமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் பாவி, சாமி" என்று வந்தது.