இந்தாங்க

டென்னிஸ் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு மகள் ஃபோனில் படித்தாள். “அம்மா, டென்னிஸ்ங்கறது பழைய பிரெஞ்சு வார்த்தையில இருந்து வந்துச்சாமா. பந்தை அடிக்கறதுக்கு முன்னால எதிர்ல நிக்கறவங்ககிட்ட ‘இந்தாங்க, புடிங்க’ன்னு சொல்லுவாங்களாமா. என்ன மரியாதை பாருங்க!”

ஈரச் செம்மண்ணும் சுண்ணாம்பும் எனக்கு மணத்தன.

நான் சிறுமியாக இருந்த காலம். அவிநாசி ரோட்டில் மில் முதலாளியின் பங்களா. அதன் பின்னால் இருந்த டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் தெளித்து, மண் இறுக உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவது என் அப்பாவின் வேலை. நாங்கள் மைதானத்தை ஒட்டிய ஓடு வேய்ந்த அறையில் குடியிருந்தோம். பந்து வேலி தாண்டினால் அப்பாதான் முள்ளுக்குள் இறங்கி எடுப்பார். துண்டில் துடைத்து, “இந்தாங்க சின்னையா” என்று நீட்டுவார்.

“கீழ வெய்யி” என்பான் முதலாளியின் மகன். கல்லூரியில் படிக்கிற பையன். அப்பா குனிந்து மண்ணில் வைப்பார். அவன் மட்டையால் தட்டித் தட்டிப் பந்தை எழுப்பிக்கொள்வான். ஆட்டம் முடிந்ததும் கூட ஆடியவர்களுக்கெல்லாம் வலைக்கு மேலே கை கொடுப்பான். கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று ஊர் உலகமே சொல்லும்.

“நல்ல வார்த்தை இல்லீங்களாம்மா?” என்றாள் மகள்.

“அந்த வார்த்தைய உங்க தாத்தா தெனமும் சொன்னாரு கண்ணு. கை நீட்டி வாங்கத்தான் ஒருத்தனும் இல்ல.”