சுதனின் அலுமாரியில் இருக்கும் ரெக்கோர்ட்

இன்று மெல்பேர்னில் ஒரு பழைய ரெக்கோர்ட் கடைக்குப் போனேன்.

எண்பதுகளில் ஒரு பாடகி மறுபடி பாடிப் பிரபலமாக்கிய பழைய பாட்டின் டான்ஸ் ரீமிக்ஸ்கள் அடங்கிய வைனல் இசைத்தட்டு ஒன்று அங்கே கண்ணில் பட்டது. உறையில் என் கையெழுத்து: ‘சுதனுக்கு, கல்யாணப் பரிசு.’

மாணவர்களாக ஒரே அறையில் இருந்தபோது நாங்கள் இருவரும் ஆடித் தேய்த்த ரெக்கோர்ட். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அங்கேயே நின்று சுதனுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சான், நான் தந்த ரெக்கோர்ட் இருக்கோ?”

“ஓம்டா, அலுமாரியில பத்திரமா இருக்கு. போன கிழமையும் போட்டுக் கேட்டனான்.”

“சந்தோசம்டா” என்றேன், அதைக் கையில் பிடித்தபடி.

கொடுத்துத் தொலைத்ததைக்கூட மன்னிப்பேன். போன கிழமை கேட்டானாம்!

வாங்கி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மல்கிரேவில் அவன் வீட்டில் சாப்பாடு. வெறுங்கையோடு போவது மரியாதையா, சொல்லுங்கள்?