பச்சை விளார்

முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்துவிட்டு, ‘ஸ்விட்ச்’ என்ற சொல்லின் பூர்வீகத்தைப் போன வாரம்தான் அகராதியில் பார்த்தேன். வெட்கக்கேடு. திருநகர் வீட்டில் தினமும் அதைத் தட்டித்தான் விளக்குப் போடுகிறேன். முதலில் அது மெல்லிய, வளையும் குச்சியாம். குதிரையை அடிக்கிற குச்சி. டச்சுக்காரர்கள் பக்கத்திலிருந்து வந்த சொல்லாக இருக்கலாமாம். பிறகு தண்டவாளத்தை மாற்றும் கம்பிக்குப் போய், கடைசியில் கரண்டுக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளை அடிக்கிற குச்சிக்கும் அதே பெயர்தான். நம் ஊரில் அதை விளார் என்போம். அகராதியை மூடிவிட்டேன்.

கீழக்குயில்குடிப் பக்கம் வேலை பார்த்தபோது என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. அடி வாங்குகிறவனே புளியமரத்தில் விளார் ஒடித்து வரவேண்டும். காய்ந்ததைக் கொண்டுவந்தால் இரட்டை அடி. என்ன திமிர் எனக்கு! ஒரு பையனைச் சேர்க்க வந்த சம்சாரி, எல்லா அப்பாக்களையும் போலவே சொன்னார்: “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்.”

அந்தப் பையன் பச்சை விளாராகவே ஒடித்து வந்தான். இலையைக்கூட உருவியிருந்தான். பத்துச் சொல்லுக்கு அர்த்தம் எழுதாததற்கு அடி. முதுகுக்குத்தான் ஓங்கினேன், திரும்பிவிட்டான். நுனி இடது கண்ணில் பட்டது. பார்வை போய்விட்டது. “வேணும்னேவா செஞ்சீக? விடுங்க சார்” என்றார் அவன் அப்பா. நானும் விட்டுவிட்டேன். மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன், பாவி.

அகராதியை மூடிய மறுநாள் காலை அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். அவன் இப்போது ஊர் முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். அந்தக் கண் வெள்ளை படிந்து கிடந்தது. எனக்கு டீ சொன்னான்.

“மன்னிச்சிருப்பா, உன் கண்ணைக் கெடுத்தவன் நான்தானே” என்றேன். திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன்.

“என்ன சார், பெரிய வார்த்தையெல்லாம் பேசிக்கிட்டு! நீங்க அடிக்கலேன்னா நான் உருப்பட்டிருப்பனா?” என்றவன், உள்ளே திரும்பிக் கூப்பிட்டான். யூனிபாரத்தில் மகள் வந்து நின்றாள். “இவளுக்கு இங்கிலீசு வரவே மாட்டேங்குது. உங்ககிட்ட விட்டாத்தான் சரிப்படும். நல்லா அடிச்சுச் சொல்லிக்குடுங்க சார். கண்ணை மட்டும்…”

அதோடு நிறுத்திக்கொண்டான். மகள் அவன் முகத்தையே பார்த்தாள். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது எனக்கு.

“டீ ஆறுது சார், குடிங்க” என்றான்.